குரோம் டிலீட்: காரோட பளபளப்புல கை வைக்கறதுக்கு முன்னாடி

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன வாரம் வந்த வாய்ஸ் நோட்ஸ்ல ஒண்ணைக் கேட்டுட்டு, வேற ஒரு டாபிக்குக்கு எழுதி வச்சிருந்த ஸ்கிரிப்டை ஓரமா வச்சுட்டு இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றேன். கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி அனுப்பினது. ஃபைனல் இயர் படிக்கிறார். வீட்ல வெள்ளைக் கலர் செடான். கிரில், டிக்கி மேல இருக்கற பட்டை, ஜன்னல் ஓரம், கதவுக் கைப்பிடி எல்லாமே குரோம். அதைக் கருப்பாக்கணும்னு ஆசை. கேள்வி என்னன்னா, "அண்ணா, பாத்ரூம் கழுவுற ஆசிட்ல ஊற வச்சா குரோம் கரைஞ்சிடும்னு ஒரு வீடியோ பார்த்தேன். ஞாயித்துக்கிழமை பண்ணலாம்னு இருக்கேன். கரைஞ்சதும் மேல என்ன பெயின்ட் அடிக்கறது?"

"இப்போதைக்கு ஆசிட் பாட்டிலைத் தொடாதீங்க தம்பி"ன்னு அன்னைக்கு ராத்திரியே பதில் போட்டுட்டேன். ஏன்னு இப்போ விளக்கமா சொல்றேன். அந்த ஏனுக்குப் பின்னாடி கொஞ்சம் கெமிஸ்ட்ரி இருக்கு, எங்க மாமா ஊர் இருக்கு, எங்க அப்பாவும் இருக்கார்.

முதல்ல அந்தப் பளபளப்பு என்னன்னு பார்ப்போம். உங்க கார் கிரில்லை விரல் நகத்தால தட்டிப் பாருங்க. டிங்னு உலோகச் சத்தம் வராது, டொக்னு பிளாஸ்டிக் சத்தம்தான் வரும். இன்னைக்கு நாம வாங்கற பெரும்பாலான கார்கள்ல முன்னாடி மின்னறது ஏபிஎஸ்ங்கற பிளாஸ்டிக். அது மேல முலாம். செம்பு ஒரு அடுக்கு, அது மேல நிக்கல், கடைசியில குரோமியம். செம்பும் நிக்கலும் சேர்ந்தா சில பத்து மைக்ரான் கனம் வரும். குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் ரொம்பக் கீழ. நம்ம தலைமுடியே சுமாரா 70 மைக்ரான்னு வச்சுக்கிட்டா, நாம குரோம்னு சொல்ற விஷயம் எவ்வளவு மெல்லிசுன்னு புரியும். கண்ணுக்குத் தெரியற மினுமினுப்புல பெரும்பங்கு நிக்கலோடது. குரோமியம் மேல உட்கார்ந்து நிக்கல் மங்காம பார்த்துக்குது, கூடவே அந்த லேசான நீலச் சாயலைக் கொடுக்குது. எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா வேலை எல்லாம் பேக் எண்ட் பார்க்குது, பேர் ஃப்ரன்ட் எண்டுக்குப் போகுது.

பிளாஸ்டிக் மேல உலோகம் எப்படி ஒட்டுது? இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஏபிஎஸ்ஸோட நடு எழுத்து பியூட்டாடையீன், அதாவது ரப்பர். பிளாஸ்டிக்குக்குள்ள அது குட்டிக் குட்டி உருண்டைகளா பரவி இருக்கும். முலாம் போடறதுக்கு முன்னாடி அந்தப் பாகத்தைக் குரோமிக் அமிலமும் சல்ஃப்யூரிக் அமிலமும் கலந்த தொட்டியில முக்குவாங்க. அது மேல்பரப்புல இருக்கற ரப்பர் உருண்டைகளை மட்டும் அரிச்சு எடுத்துடும். அந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத குழிகள். அப்புறம் வர்ற உலோகம் அந்தக் குழிக்குள்ள இறங்கி வேர் பிடிச்சுக்கும்.

காருல மின்னற எல்லாமே இந்த வகைன்னு நினைச்சுடாதீங்க. ஜன்னல் கண்ணாடிக்குக் கீழ ஓடற அந்த நீளப் பட்டை பல வண்டிகள்ல எவர்சில்வர்தான், நம்ம வீட்டு டம்ளர் ஜாதி. ஜெர்மன் கார்கள்ல அதே இடத்துல அனோடைஸ் பண்ணின அலுமினியம் இருக்கும். காரத்தன்மை அதிகமான ஷாம்பு பட்டா அது வெள்ளை வெள்ளையா பூத்துடும், அப்புறம் என்ன தேய்ச்சாலும் போகாது. நாலாவதா ஒண்ணு இருக்கு, டெலிவரி அன்னைக்கு ஷோரூம்ல "ஆக்சசரீஸ் பேக்கேஜ்"னு தலையில கட்டற குரோம் கவர்கள். கைப்பிடி மேல, டெயில் லேம்ப் சுத்தி, பெட்ரோல் மூடி மேல ரெண்டு பக்க டேப் போட்டு ஒட்டினது. உங்க வண்டியில எந்தெந்த இடத்துல எது இருக்குன்னு தெரியாம கடைக்குப் போனா, கடைக்காரர் எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்.

சரி, குரோம் எப்படி ஆடம்பரத்தோட அடையாளமாச்சு? 1920கள்ல அமெரிக்கக் கார்கள்ல நிக்கலுக்குப் பதிலா குரோம் வர ஆரம்பிச்சுது. நிக்கலைத் தினமும் தேய்க்கணும், குரோமுக்கு அந்த வேலை இல்லை. அப்படியே கூடிக்கிட்டே போய் 1958 பியூக்ல உச்சம். அந்த வண்டியோட கிரில்ல மட்டும் 160 தனித்தனி குரோம் சதுரங்கள் இருக்கும். படம் தேடிப் பாருங்க, நகைக்கடை ஷோகேஸ் ரோட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். நம்ம ஊர்ல அம்பாசடர் பம்பர். எங்க தாத்தா தலைமுறைக்குக் கார்னா அதுதான். கல்யாணத்துக்கு வாடகை அம்பாசடர் வந்தா, டிரைவர் முதல் வேலையா அந்த பம்பரைத் துணி வச்சுத் துடைப்பார்.

இப்போ காத்து திசை மாறிடுச்சு. 2019ல டாடா ஹாரியர் டார்க் எடிஷன் வந்துச்சு. அதுக்கப்புறம் கிரெட்டா நைட் எடிஷன், மாருதி நெக்ஸா பிளாக் எடிஷன்னு வரிசையா கம்பெனிகளே குரோமை எடுத்துட்டுக் கருப்பை வித்தாங்க, சிலதுல கூடுதல் விலைக்கு. முன்னாடி குரோம் வேணும்னா டாப் மாடலுக்குக் காசு கட்டணும். இப்போ குரோம் வேண்டாம்னாலும் காசு கட்டணும். இதுல சிரிக்கறதா அழறதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

இப்போ ஆசிட் விஷயத்துக்கு வரேன். இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

பாத்ரூம் ஆசிட்னா ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது குரோமியத்தைக் கரைக்கும், உண்மைதான். வீடியோல காட்டறது பொய் இல்லை. காட்டாதது என்னன்னா, குரோமியம் போனதும் அடியில இருக்கற நிக்கல் மஞ்சளடிச்ச மங்கல் நிறத்துல நிக்கும், அமிலம் அதையும் திட்டுத் திட்டா அரிச்சு வைக்கும். அது மேல பெயின்ட் அடிச்சா ஒழுங்கா உட்காரணும்னா எப்படியும் தேய்க்கணும். அந்தத் தேய்ப்பைக் குரோம் மேலயே தேய்ச்சிருக்கலாம், ஆசிடே தேவைப்பட்டிருக்காது. வேலை நடக்கும்போது வர்ற ஆவி மூக்கையும் நுரையீரலையும் எரிக்கும். பக்கத்துல ஸ்க்ரூ, கிளிப், கதவு ஓரத் தகடு இருந்தா ரெண்டே மாசத்துல துரு. இதெல்லாம் போதாதுன்னு சில பேர் ஆசிட் ஊத்தின இடத்தைச் சுத்தம் பண்ண பிளீச்சிங் ஊத்துவாங்க. குளோரின் வாயு வரும். மூடின பாத்ரூம்ல அது உயிரையே எடுக்கும்.

இன்னொரு வீடியோ வகை இருக்கு. காஸ்டிக் சோடா கரைசல்ல பாகத்தைப் போட்டு பேட்டரி சார்ஜர்ல கனெக்ஷன் கொடுத்து முலாமை உரிக்கறது. இது ஆசிடை விட மோசம். ஏன்னா இந்த முறையில கரைஞ்சு வர்ற குரோமியம் ஆறு இணைதிறன் கொண்ட வகை, ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். தண்ணி மஞ்சளா மாறும். காருல உலோகமா இருக்கற குரோமியம் நம்மை ஒண்ணும் பண்ணாது. தோல் பதனிடறதுல பயன்படற மூணு இணைதிறன் வகை கூட ஒப்பிட்டா பரவாயில்லை. இந்த ஆறு இணைதிறன் வகைதான் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதி செய்யப்பட்ட பொருட்களோட பட்டியல்ல இருக்கு. ஜூலியா ராபர்ட்ஸ் நடிச்சு 2000ல வந்த எரின் புரோக்கோவிச் படம் பார்த்திருப்பீங்க. கலிஃபோர்னியாவுல ஹின்க்லிங்கற ஊர்த் தண்ணியில கலந்தது இதுதான்.

கலிஃபோர்னியா வரைக்கும் போகத் தேவையே இல்லை. எங்க மாமா வீடு வாலாஜாப்பேட்டை. பக்கத்துலயே ராணிப்பேட்டை. அங்க தோல் தொழிலுக்காகக் குரோமியம் உப்புகள் தயாரிச்ச ஒரு ஆலை இருந்துச்சு. 1990கள்ல மூடிட்டாங்க. மூடும்போது கழிவை எடுத்துட்டுப் போகலை. லட்சக்கணக்கான டன், மலை மாதிரி அங்கேயே கிடந்துச்சு. மழை பெஞ்சா அதுல இருந்து மஞ்சள் தண்ணி கசிஞ்சு நிலத்துக்குள்ள இறங்கும். சின்ன வயசுல லீவுக்குப் போறப்போ அந்தப் பக்கம் கிணத்துல கை வைக்காதேன்னு அத்தை கத்துவாங்க. எனக்கு அப்போ பேய்க் கதைன்னுதான் தோணும். காலேஜ்ல இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரி படிக்கும்போதுதான் அத்தை எதைப் பத்திப் பேசினாங்கன்னு புரிஞ்சுது. அந்த ஆலை காருக்கு முலாம் போடலை, அது வேற தொழில். ஆனா பொருள் ஒண்ணுதான். நீங்க ஞாயித்துக்கிழமை பக்கெட்ல பண்ற வேலையோட மிச்சத்தை எங்க ஊத்துவீங்க? சாக்கடையில. சாக்கடை எங்க போகுதுன்னு கோயம்புத்தூர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நொய்யலைப் பார்த்து வளர்ந்தவங்க நீங்க.

முலாம் தொட்டி பக்கத்துல வேலை பார்க்கறவங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. பாதுகாப்பில்லாத பட்டறைகள்ல குரோமிக் அமில ஆவியை வருஷக்கணக்கா சுவாசிச்சவங்களுக்கு மூக்கின் நடுத்தண்டுல ஓட்டை விழும். மருத்துவப் புத்தகத்துல நூறு வருஷத்துக்கு மேலா இருக்கற விஷயம் இது. ஐரோப்பாவுல 2017 செப்டம்பர்ல இருந்து குரோமியம் டிரையாக்ஸைடு பயன்படுத்தணும்னா தனி அனுமதி வேணும். கார் கம்பெனிகள் மெதுவா குரோமைக் கைவிடறதுக்கு ஃபேஷன் ஒரு காரணம்னா, இது இன்னொரு காரணம். ஸ்டெல்லாண்டிஸ் டிசைன் தலைவர் ரால்ஃப் கில்ஸ் தங்களோட புது வண்டிகள்ல குரோமை எடுக்கறதுக்கு இதைத்தான் காரணமாச் சொன்னார்.

அதனால உரிக்கற வேலை வேண்டாம். மூடற வேலை பண்ணுவோம். குரோமை அப்படியே விட்டுட்டு, மேல ஒரு உடை போடறது.

என் முதல் பரிந்துரை வினைல் ராப். கடைகள்ல "ஸ்டிக்கர்"னு சொல்வாங்க, அங்கதான் ஏமாத்தும் ஆரம்பிக்கும். வினைல்ல ரெண்டு ரகம். கேலண்டர்டுன்னு ஒண்ணு, சப்பாத்தி மாவு மாதிரி உருளையில உருட்டி மெல்லிசாக்கினது. அதுக்குப் பழைய ஞாபகம் போகாது. வளைவுல இழுத்து ஒட்டினா வெயில்ல சுருங்கி, ஓரத்துல இருந்து பின்வாங்கிடும். காஸ்ட் வினைல்ங்கறது திரவமா ஊத்தி உலர வைச்சது, தோசை மாதிரி. இழுத்தா இழுத்தபடி நிக்கும். 3எம் 2080, ஏவரி டென்னிசன் எஸ்டபிள்யூ900 எல்லாம் இந்த வகை. கடையில போய் "காஸ்ட்டா, கேலண்டர்டா"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் சொல்ற விதத்துலயே ஆளைத் தெரிஞ்சுக்கலாம். ரோல்ல பின்பக்கப் பேப்பர்ல கம்பெனி பேர் அச்சடிச்சிருக்கும், அதையும் பார்த்துடுங்க.

சென்னையில ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுல நான் மூணு கடை ஏறி இறங்கினேன். ஒரே வண்டி, ஒரே வேலை. ஒருத்தர் 3,500 சொன்னார், ஒருத்தர் 6,000, ஒருத்தர் 9,000. 3,500 சொன்னவர் அரை மணி நேரத்துல முடிச்சுத் தரேன்னார். 9,000 சொன்னவர் வண்டியை ஒரு ராத்திரி விட்டுட்டுப் போங்கன்னார், கிரில்லைக் கழட்டித்தான் ஒட்டுவேன்னார். அந்த ஒரு ராத்திரிக்குத்தான் காசு. ஏன்னா ராப் நிக்கறதும் உரியறதும் ஓரத்துலதான் தீர்மானமாகுது. பாகம் வண்டியிலேயே இருந்தா ஓரத்தைப் பின்பக்கம் மடிச்சு ஒட்ட முடியாது, முன்னாடியே வெட்டி நிறுத்திடுவாங்க. ஆறு மாசத்துல அங்க ஒரு அழுக்குக் கோடு, அப்புறம் ஒரு மூலை தூக்கும், அப்புறம் உங்க விரல் சும்மா இருக்காது.

நீங்களே பண்றதா இருந்தா ஜன்னல் பட்டையில ஆரம்பிங்க. நேர் கோடு, வளைவு கம்மி. நிழல்ல வண்டியை நிறுத்துங்க, மதியம் வெயில்ல நின்ன எவர்சில்வர்ல ஒட்டவே ஒட்டாதீங்க. ஷாம்பு போட்டுக் கழுவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுத்துணியில தொட்டு, ரப்பர் இடுக்கு வரைக்கும் துடைக்கணும். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ்ல இருக்கற சிலிகான் எங்கேயாவது ஒட்டி இருந்தா அங்க எந்த ஸ்டிக்கரும் நிக்காது. தேவையை விட ரெண்டு பக்கமும் அரை இன்ச் அதிகமா வெட்டிக்கோங்க. நடுவுல ஒட்டி ஓரத்துக்குத் தள்ளுங்க. முடிஞ்சதும் ஹீட் கன்ல ஓரங்களைக் கிட்டத்தட்ட 100 டிகிரிக்கு சூடாக்கினாத்தான் அந்த வடிவம் நிலைக்கும். தலைமுடி உலர்த்தற டிரையர் அந்தச் சூட்டை எட்டாது. வெட்டறதுக்கு பிளேடு எடுக்கறவங்க கவனம், பக்கத்துல பெயின்ட் இருக்கு. அதுக்குன்னே நூல் வச்ச டேப் வருது. ஒட்டிட்டு நூலை இழுத்தா வினைல் மட்டும் வெட்டும். அதை வாங்கிக்கோங்க.

பளபளக் கருப்பா, சாட்டினா? என் ஓட்டு சாட்டினுக்கு. பளபளக் கருப்பு முதல் நாள் அருமையா இருக்கும். ஒரு மாசம் தெருவுல நின்னு, வாட்ச்மேன் அண்ணன் காய்ஞ்ச துணியால நாலு தடவை தூசி தட்டினதும் வெயில்ல பார்த்தா சிலந்திவலை மாதிரி கீறல் தெரியும். சாட்டின், பக்கத்துல இருக்கற ரப்பரோடயும் பெயின்ட் அடிக்காத பிளாஸ்டிக்கோடயும் சேர்ந்து போயிடும்.

அப்புறம் பிளாஸ்டி டிப் மாதிரி உரிச்சு எடுக்கற ரப்பர் ஸ்ப்ரே. லோகோ, கிரில் கம்பி மாதிரி ராப் பண்ண முடியாத இடங்களுக்கு நல்லது. முதல் கோட்டைத் தூறல் மாதிரி அடிங்க, அடியில இருக்கறது தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும். அப்புறம் நாலஞ்சு கோட்டு. கஞ்சத்தனமா ரெண்டு கோட்டோட நிறுத்தினா பின்னாடி உரிக்கும்போது முழுசா வராம துணுக்குத் துணுக்கா வரும். பெட்ரோல் மூடி பக்கம் இதை அடிக்காதீங்க, பெட்ரோல் பட்டா கரையும்.

பெயின்ட்? அடிக்கலாம், ஆனா அது ஒருவழிப் பாதை. குரோமியம் தன் மேல தானே ஒரு ஆக்ஸைடு படலம் போட்டுக்கற உலோகம், அதனாலதான் துரு பிடிக்கறதில்லை, அதே காரணத்தாலதான் பெயின்டும் பிடிக்கறதில்லை. 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஈரத்தோட தேய்ச்சுப் பளபளப்பைக் கொன்னு, அதுக்கான பிரைமர் போட்டு, கலர் போட்டு, மேல 2கே கிளியர் அடிக்கணும். ஈரமாத் தேய்க்கறது முக்கியம், நிக்கல் தூசி மூக்குக்குள்ள போகக் கூடாது. 2கே கிளியர்ல ஐசோசயனேட் இருக்கு, அது ஆஸ்துமாவைக் கொண்டு வரும். கர்ச்சீப் கட்டறது போதாது, கார்ட்ரிட்ஜ் வச்ச மாஸ்க் வேணும். டிங்கரிங் பட்டறையில கொடுக்கறீங்கன்னா பெயின்டர் அண்ணனுக்கும் மாஸ்க் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஒண்ணு வாங்கிக் கொடுங்க, ராப் செலவுக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்லை.

உங்க மாடல்லயே கருப்பு எடிஷன் வந்திருந்தா, சர்வீஸ் சென்டர்ல பார்ட் நம்பர் கேட்டு அந்தக் கருப்புப் பாகத்தையே வாங்கி மாட்டறதுதான் சுத்தமான வழி. பழைய குரோம் பாகத்தைத் துணியில சுத்திப் பரண் மேல வச்சுடுங்க. விக்கும்போது திருப்பி மாட்டிக்கலாம்.

இப்போ அப்பா. எங்க வீட்டுக் கார் டிசையர், 2015 மாடல். அப்பா 22 வருஷம் டிவிஎஸ் 50ல ஆபீஸ் போய் வந்தவர். ரிட்டயர் ஆனப்புறம் வந்த பணத்துல வாங்கினது. டெலிவரி அன்னைக்கு அவர் ஆசையா ஒட்டச் சொன்னதுதான் அந்தக் கைப்பிடி குரோம் கவர், டெயில் லேம்ப் வளையம் எல்லாம். ஞாயித்துக்கிழமை ஆனா பழைய பனியன் துணியில அதைத்தான் முதல்ல துடைப்பார். போன வருஷம் நான் மெதுவா பேச்செடுத்தேன். "எல்லாத்தையும் கருப்பாக்கிட்டா நல்லா இருக்கும்பா." அப்பா டிவியில இருந்து கண்ணை எடுக்காமலே, "ஏன்டா, எழவு வீட்டு வண்டி மாதிரி நிக்கணுமா?"ன்னார்.

அதை நான் ரசனை வித்தியாசம்னு சொல்லித் தள்ளிவிட விரும்பலை. அந்தத் தலைமுறைக்கு மினுமினுப்புன்னா சம்பாதிச்சதுக்கு ஒரு சாட்சி. பாத்திரம் எவர்சில்வர்ல மின்னணும், வாசல் கிரில் அலுமினியப் பெயின்ட்ல மின்னணும், கார் குரோம்ல மின்னணும். நமக்குக் காசு இருக்கறதைக் காட்டாத மாதிரி காட்டறதுதான் ஸ்டைல். கருப்பு சாட்டின்ல அந்த அலட்சியம் இருக்கு. ஒரு நாளாவது கார் இல்லாம நின்னு பார்த்தவங்களுக்கு அந்த அலட்சியம் சுலபத்துல வராது.

கடைசியில வேலையை ஆரம்பிச்சு வச்சது கைப்பிடிதான். ஒட்டின கவர் ஒண்ணு ஓரத்துல தூக்கிக்கிட்டு அம்மாவோட புடவையை இழுத்துடுச்சு. கழட்டிப் பார்த்தா உள்ள ஒன்பது வருஷத்து மண்ணு, தண்ணி. கவர் ஆடி ஆடி அடியில இருந்த நல்ல வெள்ளைப் பெயின்டை அரத்தால ராவின மாதிரி ராவி வச்சிருந்துச்சு. அப்பா விரலால தடவிப் பார்த்துட்டு, "இந்த ஒட்டுப் போட்டதெல்லாம் எடுத்துடு. வண்டியோட பொறந்ததைத் தொடாதே"ன்னார். அதுதான் எங்க ஒப்பந்தம். ஹேர் டிரையர்ல டேப்பைச் சூடாக்கி, தூண்டில் நரம்பை ரம்பம் மாதிரி இழுத்து எல்லாக் கவரையும் எடுத்தோம். மிச்சப் பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சு, உடனே ஷாம்பு போட்டுக் கழுவினோம். அப்பாதான் டார்ச் பிடிச்சார். கிரில்லும் ஜன்னல் பட்டையும் இன்னைக்கும் மின்னுது. கார் என் பேர்ல இருந்திருந்தா சாட்டின் ஆக்கியிருப்பேனா? ஆமா. ஆனா ஆர்சியில அவர் பேர்.

ஆர்சின்னதும் சட்டம் ஞாபகம் வருது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரக்குறிப்புல இருந்து வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிடுச்சு. ஆர்சியில இருக்கறது வண்டியோட உடம்பு நிறம். ஓரப் பட்டையைக் கருப்பாக்கறதால அந்த நிறம் மாறலை. முழு வண்டியையும் வேற கலர்ல ராப் பண்ணினா மாறிடும், ஆர்டிஓ ஆபீஸ் போகணும். அதே உற்சாகத்துல டெயில் லைட், இண்டிகேட்டர் மேல கருப்பு ஃபிலிம் ஒட்டாதீங்க. பின்னாடி வர்றவருக்கு நீங்க பிரேக் போட்டது தெரியணும். நம்பர் பிளேட்டையும் அப்படியே விட்டுடுங்க.

புது வண்டிக்காரங்களுக்கு ஒண்ணு. ஏடிஏஎஸ் இருக்கற கார்கள்ல முன்பக்கம் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் இருக்கும். சில மாடல்கள்ல அது லோகோவுக்குப் பின்னாடியே ஒளிஞ்சிருக்கும். சாதாரண குரோம் முலாம் ரேடார் அலையை மறிச்சுடும், அதனால அந்த லோகோவுல மட்டும் இண்டியம் உலோகத்தைத் தனித்தனித் தீவுகளா படிய வைச்சு, கண்ணுக்குக் குரோம் மாதிரியும் ரேடாருக்குக் கண்ணாடி மாதிரியும் பண்ணி இருப்பாங்க. அது மேல நீங்க நாலஞ்சு கோட்டு ரப்பர் ஸ்ப்ரே அடிச்சா, நல்ல நேரம்னா டேஷ்போர்டுல எரர் வரும். எரர் வராம தூரத்தை மட்டும் தப்பாக் கணக்குப் போட்டா? தானா பிரேக் பிடிக்கற வண்டியில அந்தச் சோதனை வேண்டாம். மேனுவல்ல ரேடார் எங்க இருக்குன்னு படம் போட்டிருப்பாங்க. அந்தக் கையகல இடத்தை விட்டுட்டு மத்ததை ஒட்டுங்க.

ராப் பண்ணினவங்க, வாட்டர் வாஷ்ல கன்னை ஓரத்துக்கு நேரா பிடிக்க வேண்டாம்னு பையன்கிட்ட சொல்லிடுங்க. குரோமை அப்படியே வச்சுக்கறவங்க, அதுவும் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல் காத்துல வண்டி நிறுத்தறவங்க, வாரம் ஒருமுறை நல்ல தண்ணியில கழுவிட்டு மாசம் ஒருமுறை மெழுகு போடுங்க. குரோம்ல கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் வழியா உப்பு உள்ள போய் நிக்கலைத் தின்னும். அந்தக் கரும்புள்ளி வந்துட்டா அப்புறம் ராப்பும் அது மேல மேடு பள்ளமா தெரியும்.

அவ்வளவுதான் மக்களே. கோயம்புத்தூர் தம்பி, உங்க கார் எந்த மாடல், ஜன்னல் பட்டை எவர்சில்வரா பிளாஸ்டிக்கான்னு தட்டிப் பார்த்துட்டு வாய்ஸ் நோட் போடுங்க. மத்தவங்களும் உங்க வீட்ல அப்பா அம்மாகிட்ட கேட்டீங்களா, என்ன பதில் வந்துச்சுன்னு அனுப்புங்க. நல்லதா நாலு வந்தா அடுத்த எபிசோட்ல போடறேன். வரட்டா.